குட்டி யானையா, பெரிய பிக்கப்பா? கேளம்பாக்கத்தில் வண்டி வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

காலை ஆறு மணிக்கு கேளம்பாக்கம் ஜங்ஷனில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வண்டலூரிலிருந்து வரும் சாலை, ஓ.எம்.ஆர்., கோவளத்துக்குப் பிரியும் சாலை மூன்றும் சேரும் இடம் அது. கோயம்பேட்டிலிருந்து காய்கறி, கோவளத்திலிருந்து மீன், அபார்ட்மென்ட்களுக்குத் தண்ணீர் கேன், புதிதாக எழும் கட்டடங்களுக்கு சிமென்ட், கம்பி என எல்லாமே சின்ன லோடு வண்டிகளில்தான் வருகின்றன. தாம்பரம் பக்கமிருந்து வீடு மாறி வருகிறவர்களின் பீரோவும் வாஷிங் மெஷினும்கூட அதில்தான்.

இந்த ஏரியாவில் சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கும் பலருக்கு முதல் கனவு ஒரு லோடு வண்டி. டவுன் பேமென்ட்டுக்கு வீட்டில் இருக்கும் நகை, ஐ.டி. வேலை பார்க்கும் அக்காவின் சேமிப்பு, மீதிக்கு ஃபைனான்ஸ். ஆனால், ஷோரூம் வாசலில் போனதும் வரும் குழப்பம் ஒன்றுதான்: சின்னதா, பெரியதா?

பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு விலையும், பக்கத்து வீட்டுக்காரர் அனுபவமும்தான் பதில் சொல்கின்றன. சொல்ல வேண்டியது எடை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

டாடா ஏஸ் 2005-ல் சந்தைக்கு வந்தது. 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், சுமார் 750 கிலோ சுமக்கும் திறன். மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் பெரிய வேனுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அது நிரப்பியது. தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்து ஏற்றுக்கொண்டார்கள். இன்று அதே வகையில் மற்ற கம்பெனிகளின் வண்டிகள் வந்தாலும், பலருக்கு எல்லாமே குட்டி யானைதான்.

அதற்கு மேலே இருப்பது பிக்கப் வகை. மஹிந்திரா பொலிரோ பிக்கப், 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவை. மாடலைப் பொறுத்து ஒன்றேகால் டன் முதல் இரண்டு டன் வரை சுமக்கும். சேஸிஸ், ஸ்பிரிங், பிரேக், டயர் எல்லாமே அதற்கேற்ற கனத்தில் இருக்கும். விலை, டீசல் செலவு, டயர் செலவு ஆகியவையும் அதே அளவுக்குக் கூடும்.

அமெரிக்காவிலும் இதே குழப்பம் உண்டு. அங்கே ‘அரை டன்’, ‘முக்கால் டன்’, ‘ஒரு டன்’ என்று பிக்கப்களைப் பிரித்துப் பேசுவது பழைய வழக்கம். ஆனால் அங்கே பலருக்கு அது குடும்ப வண்டி. இங்கே அது சம்பாதித்தே ஆக வேண்டிய வண்டி. தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அடி விழுவது மாத பட்ஜெட்டில்.

750 கிலோ என்றால் எவ்வளவு?

50 கிலோ சிமென்ட் மூட்டை என்றால் 15. 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால், கேனின் எடையையும் சேர்த்து 35-ஐ ஒட்டி. அவ்வளவுதான்.

கண்ணால் பார்த்து எடை போடுவதுதான் இங்கே ஆபத்து. சோபா, மெத்தை, காலி பெட்டி எல்லாம் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. மணல் அப்படியில்லை. ஒரு கன மீட்டர் மணல் சுமார் ஒன்றரை டன். குட்டி யானையின் தொட்டி சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைவான அகலம், ஓரடி உயரம். கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர். அதாவது, விளிம்பு வரை மணல் நிரப்பினால் வண்டியின் திறனைப்போல் இரண்டு மடங்கு! பாதி தொட்டியிலேயே எல்லை முடிந்துவிடுகிறது. ‘இன்னும் இடம் இருக்குல்ல?’ என்று கேட்பவருக்கு இதுதான் பதில்.

ஐஸ் போட்ட மீன் பெட்டியும் அப்படித்தான். மீனோடு சேர்த்து ஐஸும் எடைதான்.

ஒவ்வொரு வண்டியின் ஆர்.சி.யிலும் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று காலி வண்டியின் எடை, மற்றொன்று லோடுடன் மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் கணக்கு. டிரைவர், லோடுமேன், தார்ப்பாய், பிறகு பொருத்திய கம்பிக் கூண்டு எல்லாமே அந்தக் கணக்குக்குள் அடக்கம்.

‘ரெண்டு பட்டை சேர்த்துட்டா தாங்கும்’ என்பது உண்மையா?

பாதி உண்மை, அதனாலேயே ஆபத்தானது. ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் அமுங்காது. ஆனால் பிரேக் அதேதான், டயர் அதேதான், ஆக்ஸில் அதேதான். ஒரே வேகத்தில் மொத்த எடை இரண்டு மடங்கானால், நிறுத்துவதற்குப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலும் இரண்டு மடங்கு. பின்னால் பாரம் ஏற ஏற முன்சக்கரத்தின் பிடி குறைந்து ஸ்டீயரிங் லேசாகும். வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் திடீரென ஒரு பைக் குறுக்கே வரும்போதுதான் இது தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அதிக லோடை இறக்கும் செலவும் தனி. ஓட்டியவர் மட்டுமல்ல, அப்படி ஓட்ட வைத்தவரும் அனுமதித்தவரும் இந்தப் பிரிவுக்குள் வருவார்கள்.

வண்டியின் அளவைப் பொறுத்து மாறும் விஷயங்களும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. குட்டி யானை இந்த எல்லைக்கு வெகு கீழே. பிக்கப்களில் மாடலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தேசிய நெடுஞ்சாலை டோல்களில் ஏஸ் போன்ற மினி வண்டிகள் கார் வகுப்பில் வரும். அதைவிடப் பெரியவை இலகு வணிக வாகனம் என்ற அடுத்த வகுப்பில் வரும், கட்டணமும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பரனூர் வழியாக தினமும் செங்கல்பட்டு போய் வருபவர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

லைசென்ஸில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது.

அப்போ எதை வாங்குவது?

முதலில் ஒரு மாதம் வாடகை வண்டியில் தொழிலை ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு நடைக்கும் எடைமேடை சீட்டு வாங்கி வைத்தால், ஷோரூமில் யார் என்ன சொன்னாலும் குழப்பம் வராது.

ஒரு கணக்குக்காக, இரண்டு வண்டிக்கும் மாதச் செலவில் 8,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் இரண்டு நாள்தான் ஒரு டன் தாண்டுகிறது என்றால், அந்த ஒவ்வொரு நாளுக்கும் 4,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். அந்த இரண்டு நாளுக்குப் பெரிய வண்டியை வாடகைக்கு எடுப்பதே லாபமாக இருக்கலாம். அதுவே 16 நாள் என்றால், நாளுக்கு 500 ரூபாய்தான். அங்கே பெரிய வண்டிதான் சரி.

காய்கறி, மளிகை, பார்சல், சந்துக்குள் நுழைய வேண்டிய தண்ணீர் கேன்: குட்டி யானை. தினமும் ஒரே சுற்றில் குறைந்த தூரம் ஓடுபவர்கள் எலக்ட்ரிக் வண்டியையும் பார்க்கலாம். 2022-ல் அறிமுகமான ஏஸ் ஈ.வி.யின் திறன் 600 கிலோ. சிமென்ட், கம்பி, டைல்ஸ், மொத்த மீன்: பிக்கப். எது வாங்கினாலும், உப்பளக் காற்று அடிக்கும் ஊர் இது. தொட்டிக்கும் சேஸிஸுக்கும் துருத்தடுப்பு பூச்சு அவசியம்.

சின்ன வண்டியை வாங்கி பெரிய லோடை ஏற்றுவது மட்டும் சிக்கனம் ஆகாது. மிச்சமாகும் இ.எம்.ஐ.யைப் பிரேக் லைனிங்கும் டயரும் அபராதமும் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

எல்லாப் பொறுப்பும் டிரைவருக்கா?

இல்லை. ‘ஒரே நடையில முடிச்சிடு தம்பி’ என்று சொல்பவர் டிரைவர் அல்ல. சைட் இன்ஜினீயர், கடைக்காரர், சில நேரம் வீடு மாற்றும் நாம். வாடகை நடைக்கு இவ்வளவு என்று பேசப்படும்வரை, மறுப்பவருக்கு அடுத்த லோடு கிடைக்காது. அபராதச் சீட்டு மட்டும் அவர் பெயரில் வரும். லோடு ஏற்றுவிக்கும் இடத்திலேயே எடை பார்ப்பதும், பாரம் ஏற்றச் சொன்னவர் மீதும் வழக்கு போடுவதும் நடைமுறைக்கு வந்தால்தான் இந்தச் சுழல் நிற்கும். சட்டத்தில் அதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது.

அதுவரை, நம் கையில் ஒன்று உண்டு. அடுத்த முறை ஆப்பில் வண்டி புக் செய்யும்போது, பீரோவும் ஃபிரிட்ஜும் புத்தகப் பெட்டிகளும் சேர்ந்து எவ்வளவு வரும் என்று ஒரு நிமிடம் கூட்டிப் பாருங்கள். கூடுதலாக வந்தால் பெரிய வண்டியோ இரண்டாவது நடையோ கேளுங்கள். அந்தச் சில நூறு ரூபாய், உங்கள் பொருளோடு சேர்த்து டிரைவரையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.