பக்கத்து வீட்டுக் கோழியும் தப்பணும்!

சிற்பக்கூடங்கள் நிறைந்த மயிலாடியில், காலையில் உளிச் சத்தத்துக்கு முன்பே கேட்பது சேவல் கூவல்தான். பஞ்சாரத்தைத் திறந்துவிட்டால், எந்த வீட்டுக் கோழி எந்த வீட்டுக் குப்பையைக் கிளறுகிறது என்று சொல்ல முடியாது. ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சல் பரவுவதும் அப்படித்தான்.

கோழி தூங்கி வழிகிறதா? வெள்ளையும் பச்சையுமாகக் கழிகிறதா? கழுத்து திருகுகிறதா? உடனே தனியே அடைத்துவிட்டு, கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். இது வைரஸ் நோய். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. ‘சாகிறதுக்குள்ளே காசாக்கிடலாம்’ என்று விற்றால், நோய் அடுத்த ஊருக்கும் போகும். செத்ததை வாய்க்காலில் வீசாமல், ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

தடுக்க வழி உண்டு. குஞ்சுக்கு 7-ஆம் நாளில் சொட்டு மருந்து, 8-ஆம் வாரத்தில் இறக்கையில் ஊசி. வழக்கமாகப் பிப்ரவரியில் கால்நடைத் துறை இருவார முகாம் நடத்தி, இலவசமாகவே ஊசி போடுகிறது. நோய் கண்ட கோழிக்கு ஊசி பலன் தராது. நன்றாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும்.

முகாமுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிடுங்கள். அவர் வீட்டுக் கோழி தப்பினால்தான் உங்கள் வீட்டுக் குஞ்சுகளுக்கும் நிம்மதி!