ஆறு அறிவிப்புகளில் ஒரு கழிப்பறைக்கும் இடமில்லை

சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் ஒப்படைத்த முடிவை அரசு மாற்றப்போவதில்லை என்பது 2025 ஆகஸ்ட் 13 நள்ளிரவிலேயே தெரிந்துவிட்டது. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் நடைபாதையில் 13 நாள் அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை, நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் வண்டிகளில் ஏற்றி அப்புறப்படுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மறுநாளே அமைச்சரவை கூடியது. காலை உணவு, காப்பீடு, வீடு, பிள்ளைகளின் படிப்புச் செலவு, சுயதொழில் மானியம், தொழில்சார் நோய்க்குச் சிகிச்சை என ஆறு அறிவிப்புகள் வந்தன. அந்தப் பெண்கள் கேட்டதோ மாநகராட்சியின் கீழ் வேலை, வாங்கிவந்த சம்பளம்.

ஏறக்குறைய 23,000 ரூபாயாக இருந்த மாதச் சம்பளம், தனியாரிடம் போனால் 17,000க்கும் கீழே இறங்குகிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று எத்தனை விளக்கம் தந்தாலும் வீட்டுக்கு வரும் பணம் குறைகிறது.

நமக்கு ஆறவே ஆறாதது இன்னொன்று. விடிவதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒரு பெண், மதியம்வரை தெருவில் நிற்கிறாள். மாதவிடாய் நாளில் அவள் பேடை எங்கே மாற்றுவாள்? அவள் குப்பை அள்ளும் வீடுகளில் கழிப்பறைக் கதவைத் திறந்துவிடுவோர் எத்தனை பேர்? அதனால் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். ஒரே பேடோடு, ஒரே துணியோடு வெயிலில் வண்டி தள்ளுகிறார்கள். தொடை உரசிப் புண்ணாகிறது, நீர்க்கடுப்பு வருகிறது. வெளியே சொல்லக் கூச்சம். சொன்னாலும் கேட்பவர் ஆண் சூப்பர்வைசர். அதே பெண்தான் ஊரார் வீட்டு நாப்கினைக் குப்பைக்குள்ளிருந்து கையால் பிரித்தெடுக்கிறாள். அதைச் சுற்றித்தான் போட வேண்டும், சுற்றுவதற்கான உறையை உற்பத்தியாளர் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. வட சென்னையில் எந்தத் தெருவில் அந்த விதி நடைமுறையில் இருந்தது? வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் திட்டத்தைப் பத்தாண்டுகளுக்கு முன்பே கொண்டுவந்த மாநிலம் இது. அந்த அக்கறை பள்ளி வாசலோடு நின்றுவிட்டது. ஆறு அறிவிப்புகளைத் தேடித்தேடிப் படித்தோம். கழிப்பறை என்ற சொல் இல்லை. உடை மாற்ற ஓர் அறை இல்லை. இனி வயிற்றுவலி என்று ஒருநாள் லீவு சொன்னால் மறுநாள் வேலை இருக்குமா என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

கழிப்பறை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இதே இரண்டு மண்டலங்களின் பொதுக் கழிப்பறைகளை, தேனாம்பேட்டை, மெரினாவோடு சேர்த்து, சுமார் 430 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் தனியாருக்குக் கொடுத்ததும் இதே மாநகராட்சிதான். அப்போதும் இந்தப் பெண்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. குப்பை அள்ளுவதைத் தனியாரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் புதிதாகவா பாடம் வேண்டும்? 2000இல் ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனம் வந்தது. 2007இல் நீல் மெட்டல் வந்தது. அதன் ஒப்பந்தம் காலம் முடியும் முன்பே முறிந்தது. ஒவ்வொரு முறையும் நகரம் பளபளக்கும் என்றார்கள். 2015 வெள்ளத்திலும் கொரோனாவிலும் களத்தில் இறங்கியது எந்த ஒப்பந்தக் காகிதமும் அல்ல, இந்தப் பெண்கள். அவர்களை வேலைக்கு எடுத்ததே நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் சுய உதவிக் குழு என்ற பெயரில்தான். பெண்களைச் சொந்தக் காலில் நிற்கவைக்கும் திட்டம் என்று மேடைதோறும் பேசினார்கள். ஆண்டுக்கணக்கில் உழைப்பை வாங்கிக்கொண்டு, பணி நிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தலில் வாக்கும் கொடுத்துவிட்டு, இப்போது கான்ட்ராக்டர் வாசலில் போய் நில்லுங்கள் என்கிறார்கள். இது நம்பிக்கைத் துரோகம்.

இந்தத் துப்புரவு ஒப்பந்தத்தை மறுபடி மேசைக்குக் கொண்டுவர வேண்டும். சுமார் 2,000 தொழிலாளர்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் அந்த மேசையில், குப்பை வண்டி தள்ளும் பெண்களும் உட்கார வேண்டும். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களிடமே கேளுங்கள்; அதுவரை இட்லி பொட்டலத்தைக் காட்டிப் பேச்சை மாற்றாதீர்கள்.