குளத்துக்கே போகாத தவளை... மூங்கிலுக்குள் முட்டைக்குக் காவல் இருக்கும் அப்பா!

தவளைன்னா குளம், குட்டை, தலைப்பிரட்டை. இதுதானே நாம ஸ்கூல்ல படிச்சது? ஆனால், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் வாழும் ஒரு குட்டித் தவளை இந்தப் பாடத்துக்குள் அடங்காது. அதன் குடும்ப வாழ்க்கை மொத்தமும் ஒரு மூங்கில் தண்டுக்குள்தான் நடக்கிறது.

பெயர் ராவோர்செஸ்டஸ் கலாசோட்ஸ். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். பளபளக்கும் பச்சை உடம்பு, சாம்பல் நீலத் தொடை, கறுப்புக் கண்ணில் பொன்னிறத் திட்டுகள். 1876-ல் குந்தர் என்ற விலங்கியலாளர் இதை முதன்முதலில் விவரித்தார். அதன் பிறகு ஆளே இல்லை! டெல்லி பல்கலைக்கழகத்தின் எஸ்.டி.பிஜு தலைமையில், காணாமல் போன தவளைகளைத் தேடும் பயணம் நடந்தது. இது மீண்டும் கிடைத்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தது 2011-ல்தான்.

இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது?

எங்கேயும் போகலை. பகல் முழுக்க மூங்கிலுக்குள் ஒளிந்துகொண்டால் யார் கண்ணில் படும்? களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் சேஷாத்ரி என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. அதில்தான் இந்த ரகசியம் தெரிந்தது.

மெல்லிய மூங்கில் தண்டில், இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் வீடு. வாசல், அடிப்பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கீறல். அதற்குள் உடம்பைக் குறுக்கி நுழைந்து ஆண் தவளை குரல் கொடுக்கும். பெண் வரும், உள்சுவரில் சில முட்டைகள் இடும், போய்விடும். அப்புறம் எல்லாமே அப்பா பொறுப்பு. தலைப்பிரட்டைப் பருவமே வெளியில் கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும்.

சரி, காவல் எதற்கு? பாம்புக்கா, எறும்புக்கா? அதே ஆய்வாளர் 2018-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு சொன்ன பதில்தான் அதிர்ச்சி. காவல் இருந்த ஆண்களை அகற்றிப் பார்த்தபோது, முட்டைகளைத் தின்றது அதே இனத்தின் வேறு ஆண் தவளைகள்!

சிக்கல் எங்கே?

அந்தக் கீறலைத் தவளையால் போட முடியாது. பூச்சியோ எலி வகைகளோ போட்ட ஓட்டை தயாராகக் கிடைக்க வேண்டும். ஓட்டை மேல்பக்கம் இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே தேங்கிவிடும். ஆக, புதர் நிறைய மூங்கில் இருந்தாலும் குடியிருக்கத் தோதான தண்டு கொஞ்சம்தான்.

காப்பகத்துக்குள் இதற்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் காகிதக் கூழுக்கும் கூடை முடையவும் மூங்கில் வெட்டப்படும் மற்ற காடுகளில்? கேரளத்தில் இதே மாதிரி மூங்கிலுக்குள் முட்டையிடும் ஆக்லாண்ட்ரே என்ற தவளையும் இருக்கிறது. வெட்டுகிறவர் கண்ணுக்கு அது வெறும் தண்டு. உள்ளே ஆள் இருக்கிறதா என்று பகலில் வெளியிலிருந்து தெரியாது.

மூங்கில் வெட்டாதீங்கன்னு சொல்வது சுலபம். அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கே! எத்தனை தண்டு வெட்டலாம் என்பதோடு, எதை விட்டுவைக்கணும் என்றும் பார்த்தால் பாதிப் பிரச்னை தீரும். அடியில் கீறல் உள்ள தண்டைக் குனிந்து பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.