விளக்கை அணைத்தால் கோளாறு போய்விடுமா?



நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு கேள்வி வந்தது. "காருக்கு வெளியில் ஒரு கடையில் புது ஏர் இன்டேக் போட்டேன். அன்றிலிருந்து டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. எப்படி அணைப்பது?" ஐந்து நிமிடத்தில் பத்துப் பதில்கள். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டு என்றார் ஒருவர். ஆன்லைனில் ஸ்கேனர் வாங்கு, போனிலேயே அழித்துவிடலாம் என்றார் இன்னொருவர். கறுப்பு டேப் ஒட்டு என்று ஒருவர் சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார். விளக்கு ஏன் எரிகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் தெரியாமல் அந்த விளக்கை அணைப்பது ரிப்பேர் ஆகாது. அந்த வண்டியில் ஏறுகிற நம் வீட்டாரையும், நாளைக்கு அதை வாங்கப்போகிறவரையும் ஏமாற்றுவதுதான் அது.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இதில் இருப்பது நான் உங்களுக்கு நடத்திய அறிவியல்தான். எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. காரில் உள்ள கணினி, உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்ற பெட்ரோலைத் தெளிக்கிறது. பல வண்டிகளில் காற்றை அளப்பது ஒரு சூடான மெல்லிய கம்பி. காற்று பட்டு அது எவ்வளவு ஆறுகிறது என்பதை வைத்துக் கணக்கு. அந்தக் கணக்கு, கம்பெனி கொடுத்த குழாயின் அகலத்துக்கும் வளைவுக்கும் பொருந்தும்படி போட்டது. குழாயை மாற்றினால் அளவுகோல் தப்பாகிவிடுகிறது. உள்ளே போகும் காற்று ஒன்று, கணினி எண்ணுவது வேறொன்று.

வேறு காரணங்களும் உண்டு. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் அந்தக் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும். கிளாம்ப் சரியாக இறுகாவிட்டால் கணக்கில் வராத காற்று இடையில் புகும். காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் பிளக்கை மாட்ட மறந்தாலும் விளக்கு எரியும். சில கார்களில் சூடான கம்பிக்குப் பதிலாகக் குழாயின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடுவார்கள். அவற்றில் இந்தச் சிக்கல் குறைவு, ஆனால் பிளக் மறந்தால் அங்கேயும் இதே கதைதான்.

ஆக, விளக்கு எரிவது பெரும்பாலும் கையில் சரிசெய்யக்கூடிய சின்னக் காரணத்தால். அதைக் கண்டுபிடிக்கத்தான் கணினி ஒரு எண்ணை எழுதி வைக்கிறது. பி-0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பி-0101 என்றால் காற்றளவு சென்சார் சொல்வது பொருந்தவில்லை. பி-0113 என்றால் வெப்ப சென்சாரின் இணைப்பைப் பார். அந்த நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் ஓடியது, என்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது என்பதையும் குறித்து வைக்கும். பேட்டரி வயரைக் கழற்றினாலும், ஸ்கேனரில் அழித்தாலும் இந்தக் குறிப்பெல்லாம் போய்விடும். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். இரண்டு மூன்று முறை வண்டியை எடுத்தால் விளக்கு திரும்ப வரும். சிவப்பு மையில் போட்ட மதிப்பெண்ணை ரப்பரால் அழித்துவிட்டு அப்பாவிடம் கையெழுத்து வாங்கிய பையன்களை எனக்குத் தெரியும். அழித்ததால் எவனும் பாஸாகவில்லை.

"சார், எல்லாரும் போடுகிறார்கள், வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது" என்பீர்கள். நம் ஊரை யோசியுங்கள். மேலூர்ப் பக்கம் கிரானைட் தூசி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் கரிசல் புழுதி. கம்பெனி கொடுத்த காகித ஃபில்டர் மூடிய பெட்டிக்குள் இருந்து, வண்டியின் முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும். கடையில் மாட்டுகிற கூம்பு ஃபில்டர் பல வண்டிகளில் பானட்டுக்குள் திறந்தபடி இருக்கும். சித்திரை வெயிலில் என்ஜின் சூட்டையே அது திரும்ப இழுக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அப்புறம் எந்தக் கூடுதல் சக்தி? அதிகமாகக் கிடைப்பது சத்தம்தான். குழாயைக் கீழே இறக்கிப் பொருத்தினால் வேறு ஆபத்து. 2024 அக்டோபரில் செல்லூர்த் தெருக்களில் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் தண்ணீரை என்ஜின் ஒரு மடக்கு உறிஞ்சினால் உள்ளே கம்பியே வளைந்துவிடும். செலவு லட்சத்தில் போகும்.

எல்லா மாற்றமும் தப்பு என்று நான் சொல்லவில்லை. உழைத்துச் சம்பாதித்த காசில் பிள்ளைகள் ஆசைப்படுவதில் எனக்கு வருத்தமில்லை. அதே பெட்டிக்குள் அதே அளவில் நல்ல ஃபில்டர் மாற்றுவதில் ஒரு குற்றமும் இல்லை. கோளாறைச் சரிசெய்த பிறகு எண்ணை அழிப்பதும் முறையான வேலைதான். சரியாகிவிட்டால், அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தென்படாதபோது விளக்கு தானாகவே அணைவதும் உண்டு. வரிசை மாறக் கூடாது என்பதே என் வாதம். முதலில் எண்ணைப் படி, பிறகு காரணத்தைத் தீர், கடைசியில் அழி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னிடம் படித்த ஒரு தம்பி வாடகைக்கு ஓட்ட, கடன் வாங்கிப் பழைய கார் ஒன்று எடுத்தான். வாங்கும்போது ஒரு விளக்கும் எரியவில்லை. நான்காம் நாள் எரிந்தது. விற்றவர் அதற்கு முதல்நாள்தான் அழித்திருக்கிறார். வட்டி கட்ட வேண்டிய மாதத்தில் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. விற்றவருக்கு அது ஒரு நொடி வேலை. இவனுக்கு இரண்டு மாத வருமானம்.

அதனால் பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், என்ஜின் விளக்கு எரிய வேண்டும். அப்போதும் எரியாவிட்டால் யாரோ பல்பிலேயே கைவைத்திருக்கலாம். அடுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டச் சொல்லுங்கள். எண் இல்லை என்பதோடு நின்றுவிடாதீர்கள். சுயபரிசோதனைகள் முடிந்தனவா என்றும் பாருங்கள். பல சோதனைகள் முடியாமல் நின்றால், சமீபத்தில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். கலிபோர்னியாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே அழித்த கையோடு புகைச் சோதனைக்குப் போனால் தேறாது. வெளிக்கடை இன்டேக் என்றால் அந்த மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண்ணும் வேண்டும்.

நம் நாட்டிலும் சட்டம் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாரண்டியிலும் இன்சூரன்ஸிலும் தகராறு வந்தால் அதைத் தனியாகத் தாங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள். விட்டு விட்டு எரிந்தால் பெட்ரோல் சரியாக எரியாமல் வெளியேறுகிறது, புகையைச் சுத்தப்படுத்தும் கருவி கெட்டுவிடும், மெதுவாக ஓரம் கட்டுங்கள். சிவப்பில் எண்ணெய்க் குவளையோ வெப்பமானியோ தெரிந்தால் அப்போதே என்ஜினை நிறுத்துங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் "அழித்துவிட்டேன், போங்க" என்றால், "என்ன எண் வந்தது, தாளில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தருகிறவரிடம் வண்டியை விடலாம். உங்கள் வீட்டில் யாராவது தீபாவளிக்குள் பழைய கார் பார்க்கிறார்கள் என்றால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள். மெக்கானிக்காக இருக்கும் மாணவர்கள், நான் சொன்னதில் சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லாரும் படிக்கட்டும்.