அடம் பிடிக்கும் செல்ல நாய்க்குப் பொறுமை பழக்கலாம்!

புதுச்சேரியின் நெருக்கமான தெருக்களில் வாக்கிங் போகும் செல்ல நாய், எதிரே ஒரு தெரு நாயைக் கண்டால் போதும்; கயிற்றை இழுத்துக்கொண்டு, தொண்டை கிழியக் குரைக்கும். ‘கடிக்கிற நாய்’ என்று பார்ப்பவர்கள் ஒதுங்குவார்கள். ஆனால், பல நேரங்களில் அது கோபம் அல்ல. ‘கிட்டே போய் மோந்து பார்க்கணும், விடமாட்டேங்கிறாங்களே’ என்ற தவிப்பு. கிரில் கேட்டுக்குள் நின்று குதிப்பதும், ஆத்திரத்தில் கயிற்றையே கடிப்பதும் இதே ரகம்தான்.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? ‘தொல்லை’ என்று நாயை நாள் முழுக்கக் கட்டிப்போடுவார்கள். கட்டிப்போட்டால் தவிப்பு கூடும், குரைப்பும் கூடும். எப்போதும் சங்கிலியில் இருக்கும் நாயைப் போதிய அளவு நடக்கவிடாமல் வைத்திருப்பது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

முதலில் தேவை, பிறகு பயிற்சி

பசி, தூக்கமின்மை, நடை இல்லாமை, வலி ஆகியவற்றோடு இருக்கும் நாயிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அவற்றைச் சரிசெய்த பிறகே பயிற்சி.

மூடிய கை விளையாட்டு: கைக்குள் ஒரு பிஸ்கட் துண்டை வைத்து மூடிக்கொள்ளுங்கள். நாய் நக்கும், பிறாண்டும். பேசாமல் இருங்கள். அது முகத்தை விலக்கிய அந்த நொடியே கையைத் திறந்து கொடுங்கள். முதலில் 1 விநாடி, பிறகு 3, பிறகு 5 என்று காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். ஒருமுறைக்கு 3 நிமிடம் போதும். தோற்றுக்கொண்டே இருந்தால் நேரத்தைக் குறையுங்கள். காத்திருந்தால் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் பொறுமை. அடிக்கடி ஜெயித்தால்தான் அது வளரும்.

கதவு: வெளியே போகும்போது நாய் உட்கார்ந்தால் கதவு திறக்கும். பாய்ந்தால் மெதுவாக மூடிக்கொள்ளும். திட்டவே தேவையில்லை.

தெரு: கயிற்றை இழுத்தால் அப்படியே நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். வேறு நாய் தெரிந்தால், உங்கள் நாய் குரைக்கத் தொடங்கும் முன்பே எதிர்ப்பக்கம் போய்விடுங்கள். தூரத்தில் நின்று அமைதியாகப் பார்த்தால் தின்பண்டம் கொடுங்கள். தூரத்தை நாள்போக்கில் குறைக்கலாம். மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகள் ஓடாத கடற்கரைச் சாலையில், கூட்டம் சேராத விடியற்காலையில், இப்படி ஒதுங்கி நிற்க இடம் கிடைக்கும்.

மழை நாள்: ஐப்பசி, கார்த்திகையில் வெளியே போக முடியாதபோது, பழைய துண்டுக்குள் உணவைச் சுருட்டி வையுங்கள். மோந்து தேடும் வேலை நாயின் மனதை அமைதியாக்கும்.

பாட்டியும் பேரனும் ஒரே கட்சி

குரைத்தால் கிடைக்காது என்று முடிவெடுத்த முதல் சில நாட்கள் குரைப்பு இன்னும் கூடும். இது இயல்பு. இதுவரை பலித்த வழி பலிக்கவில்லையே என்று நாய் இன்னும் பலமாக முயல்கிறது. அந்த நேரத்தில் ‘பாவம்’ என்று பாட்டி ஒரு முறுக்கைப் போட்டுவிட்டால், ‘இன்னும் சத்தமாகக் குரைத்தால் கிடைக்கும்’ என்பதுதான் பாடமாகிவிடும். ஆகவே, வீட்டில் எல்லாருக்கும் ஒரே விதி. அடிக்கவும் கூடாது. அடி பொறுமையைக் கற்றுத்தராது, பயத்தைத்தான் கற்றுத்தரும். பயந்த நாய்தான் எச்சரிக்காமல் கடிக்கும்.

நேற்று வரை சாதுவாக இருந்த நாய் திடீரென உறுமினாலோ, கடிக்க வந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். காது வலியோ மூட்டு வலியோ காரணமாக இருக்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ரேபிஸ் தடுப்பூசி தேதியையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.