மார்கழியில் நெருங்கி வரும் சூரியன்

மார்கழி பிறந்து இருபது நாள் ஆகும்போது, அதாவது ஜனவரி 3, 4 தேதிகளில், பூமி ஆண்டிலேயே சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. தூரம் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில்தான் மிகத் தொலைவில், 15.2 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ மார்கழியிலதானே மாமா வெயில் கொளுத்தணும்?" என்று கேட்டாள். சூரியனுக்குப் பக்கத்தில் போனால் கோடை, விலகினால் குளிர் என்றுதான் அதுவரை நம்பியிருந்தாள்.

அவளைக் குறை சொல்லவே முடியாது. 1987-இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு ஆவணப்படத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு வந்திருந்த 23 பேரிடம் பருவகாலம் ஏன் வருகிறது, நிலவு ஏன் தேய்கிறது என்று கேட்டார்கள். 21 பேர் தவறாகச் சொன்னார்கள். அவர்களில் பேராசிரியர்களும் உண்டு.

இந்தத் தவறான எண்ணத்துக்கு நாம் காலங்காலமாகப் போடும் படம் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பூமியின் பாதையைக் கோழிமுட்டைபோல நீட்டி வரைகிறோம். 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு அளவு மாறாமல் வரைந்து பாருங்கள். நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடும். கண்ணுக்கு அது வட்டம்தான். சூரியன் மட்டும் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தள்ளி இருக்கும். பருவத்தைத் தீர்மானிப்பது தூரம் அல்ல. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு திசை மாறாமலே பூமி சூரியனைச் சுற்றி வருகிறது. அதனால் ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கிறது, டிசம்பரில் எதிர்ப்பக்கம்.

இதை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட ஒரு மீட்டர் கம்பை முற்றத்தில் நட்டுக் காட்டுவது எளிது. கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்துச் செங்குத்தாக நட வேண்டும். தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் சொல்லிவிடும். சென்னையில் டிசம்பர் 21 நண்பகலில் அந்தக் கம்பின் நிழல் வடக்கே 74 சென்டிமீட்டர் விழும். மார்ச் 20, 21-இல் 23 சென்டிமீட்டர். ஜூன் 21-இல் 18 சென்டிமீட்டர்தான், அதுவும் தெற்கே! வெயில் சாய்வாக விழும்போது அதே வெளிச்சம் அதிக நிலத்தில் பரவிச் சூடு குறைகிறது. பகல் பொழுதும் சென்னையில் ஜூனைவிட டிசம்பரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் குறைவு. ஐம்பது லட்சம் கிலோமீட்டர் நெருங்கி வந்தும் மார்கழி குளிர்வது இதனால்தான்.

நண்பகல் நிழல் தெற்கே விழுவதை டெல்லிப் பிள்ளைகளோ லண்டன் பிள்ளைகளோ தங்கள் ஊரில் பார்க்கவே முடியாது. கடக ரேகைக்குத் தெற்கே இருக்கும் நமக்குத்தான் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது. அன்று நண்பகலில் கம்புக்கு நிழலே இருக்காது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில், மதுரையில் 15, 16-இல், சென்னையில் 24-இல் என்று அந்த உச்சி வெயில் நாளுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வீதம் வடக்கே நகர்கிறது. திரும்பும் வழியில் ஆகஸ்ட் 18-ஆம் தேதி மறுபடியும் சென்னைக்கு வருகிறது. இரண்டு நாளிலும் சூரியன் ஒரே உயரம்தான். ஆனால் சித்திரையின் காய்ச்சல் ஆவணியில் இல்லை, பருவமழை மேகம் குடை பிடித்துவிடுகிறது. ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும் வந்துவிடும். ஆகஸ்டில் பள்ளி நடக்கும், ஆனால் வானம் மூடியிருக்கலாம். அதனால் நான்கைந்து நாள் முன்பிருந்தே கம்பை நட்டுக் காத்திருங்கள் என்று ஆசிரியர்களிடம் வற்புறுத்திச் சொல்வேன். நிழல் நாளுக்கு நாள் குறுகுவதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

நண்பகல் என்றால் கடிகாரத்தின் 12 மணி அல்ல, நிழல் மிகக் குறுகும் நேரம். நம் நாட்டு நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் ஏப்ரல் 24-இல் சென்னையின் உச்சிப்பொழுது 12.07-க்கு வருகிறது.

மார்ச் 20-க்கு இன்னொரு வேலை வைத்திருக்கிறேன். 2,200 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரட்டோஸ்தனீஸ், சையீன் ஊரில் சூரியன் உச்சியில் இருக்கும் நாளில் தன் ஊரில் நிழலின் கோணத்தை அளந்தார். அது வட்டத்தில் 50-இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தை 50-ஆல் பெருக்கிப் பூமியின் சுற்றளவைச் சொன்னார். நம் பிள்ளைகளாலும் இதைச் செய்ய முடியும். சென்னையில் ஒரு பள்ளி, கன்னியாகுமரியில் ஒரு பள்ளி, இரண்டிலும் ஒரு மீட்டர் கம்பு. சென்னையில் 12.16 வாக்கிலும் கன்னியாகுமரியில் 12.27 வாக்கிலும் நிழல் மிகக் குறுகும். சென்னையில் 23 சென்டிமீட்டர், கன்னியாகுமரியில் 14. கம்பையும் நிழலையும் தாளில் முக்கோணமாகச் சிறிதாக்கி வரைந்து கோணமானியை வைத்தால் 13 டிகிரி, 8 டிகிரி. வித்தியாசம் 5 டிகிரி, அதாவது வட்டத்தில் 72-இல் ஒரு பங்கு. பேருந்து போகும் சாலைத் தூரத்தை எடுக்கக் கூடாது. வரைபடத்தில் நேர் வடக்குத் தெற்காக அளந்தால் சுமார் 555 கிலோமீட்டர். அதை 72-ஆல் பெருக்கினால் 39,960. பூமியின் உண்மையான சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர்.

செலவு இரண்டு கம்பும் ஒரு தொலைபேசி அழைப்பும்தான். எந்தப் பள்ளி செய்தாலும், கணக்கு பிசகினாலும் சரி, பிள்ளைகள் அளந்த எண்களை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். இந்தப் பத்தியில் வெளியிடுகிறேன்.