தீவிலிருந்து தலைநகருக்கு

உலகம் சுற்றிய முஸாபிர் இப்னு பதூதா 1343ஆம் ஆண்டில் மாலத்தீவுகளை அடைந்தார். அவர் முதலில் கரையேறியது தலைநகரில் அன்று. வடபகுதியிலுள்ள ஒரு சிறு தீவில். கன்னலூஸ் என்று அதன் பெயரைக் குறித்துள்ளார். மார்க்கப் பற்றுடைய ஒருவர் இல்லத்தில் விருந்தினராகத் தங்கியபின், சிறு படகேறித் தீவு தீவாக இறங்கி, இளைப்பாறி, பத்தாம் நாள் அரசி கதீஜாவின் தலைநகராகிய மாலேயைச் சேர்ந்தார். அங்கே காஜி பதவி அவரை எதிர்கொண்டது. மஃபர் என்று அரபியர் அழைத்த நம் தமிழ்க் கரைக்கு அவர் வந்தது அதற்குப் பின்னரே.

அன்று பத்து நாள் பிடித்த பயணம், இன்று வேகப் படகில் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் படகில் அமர்ந்திருப்போர் யார்? பதவி நாடிச் செல்வோர் சிலரே. பிள்ளையின் படிப்புக்காகவும் பெற்றோரின் மருத்துவத்துக்காகவும் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்ட குடும்பங்களே பல.

மாலத்தீவுகள் ஏறத்தாழ 1,200. மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. வெண்மணல் தெருக்கள், முற்றத்தில் ஈரப்பலா மரம், காலையில் வாசல் பெருக்கும் பெண்கள், மாலையில் கடலோரக் கயிற்றிருக்கைகளில் கூடிப் பேசும் முதியோர் என அத்தீவுகளின் வாழ்வு அமைதியானது. நம் வீட்டுச் சமையலில் மணக்கும் மாசி இக்கடலின் சூரை மீனிலிருந்து உருவாவதே.

மாலேயோ வேறோர் உலகம்! சுமார் 2 சதுர கிலோமீட்டர் பரப்பில் மாடிமேல் மாடியாக எழுந்த நகரம். நெருங்கி ஓடும் மோட்டார் சைக்கிள்களுக்கிடையே தெருவைக் கடப்பதே ஒரு கலை. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள் சுமார் 5 இலட்சத்து 15 ஆயிரம். அவர்களில் பத்துக்கு நால்வர் தலைநகர் எல்லையில் வாழ்ந்தனர். தீவில் முற்றமும் கிணறும் வைத்திருந்தவர், இங்கே ஓர் அறையைத் தடுத்துப் பலரோடு பங்கிட்டுக்கொள்கிறார். வருவாயின் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடுகிறது. குடிநீரும் கடல்நீரைச் சுத்திகரித்தே கிடைக்கிறது. 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பற்றியபோது நகரமே தாகத்தால் தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்ப நேர்ந்தது.

நெருக்கடியைத் தணிக்க ஆட்சியாளர் முயலாமல் இல்லை. 1997இல் தொடங்கிக் கடலைத் தூர்த்து ஹுல்ஹுமாலே என்ற புதுநகரை எழுப்பினர். 2018இல் அதனை மாலேயுடன் பாலத்தால் இணைத்தனர். ஆயினும் வீடு பெருகப் பெருக வருவோரும் பெருகுகின்றனர். பெரிய மருத்துவமனையும் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகமும் தலைநகரிலேயே இருக்கும்போது, மக்கள் வேறெங்கே செல்வர்? அவர்களைப் பேராசைக்காரர் என்று பழிப்பது நியாயமாகுமா?

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கந்தொலுதூ என்ற தீவைக் குடியிருக்க இயலாததாக்கியது. அதன் மக்கள் சில ஆண்டுகள் பல தீவுகளில் சிதறி வாழ்ந்தனர். பின்னர் செஞ்சிலுவை அமைப்பின் துணையோடு, அதுவரை ஆளில்லாதிருந்த துவாபரு என்ற தீவில் சுமார் 600 வீடுகளும் பள்ளிக்கூடமும் எழுந்தன. 2009ஆம் ஆண்டளவில் அவர்கள் அங்கே ஒருசேரக் குடியேறினர். ஊர் மாறியது; உறவும் அண்டை அயலும் சிதையவில்லை.

பேரிடர் வந்தபின் ஆளில்லாத் தீவிலும் பள்ளி எழுப்ப முடியுமெனில், மக்கள் வாழும் தீவுகளுக்கு மேற்கல்வியையும் நல்ல மருத்துவத்தையும் கொண்டு சேர்ப்பது முடியாத செயலன்று. செலவு மிகும்தான். ஆனால் ஒரு குடும்பம் தன் முற்றத்தையும், கிணற்றையும், முதியோரின் அருகாமையையும் விட்டுக் கொடுக்கும் விலையை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?

விரும்பியவர் தலைநகருக்குச் செல்லட்டும். வேறு வழியின்றிச் செல்வோர் குறைய வேண்டும். திரும்பி வரும் படகிலும் குடும்பங்கள் அமர்ந்திருக்கும் நாளே அத்தீவுகளுக்கு நன்னாள்.